அம்மா புடவையில் ஒரு கிட்டார்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது படிக்கும்போது சுதந்திர தினத்துக்கு ஒரு தடவை பேச ஏறினேன். பாதியில் மறந்துபோய் ஜெய்ஹிந்த் சொல்லிட்டு இறங்கிட்டேன். அதனால இந்தத் தடவை நோட்டில் எழுதி எடுத்து வந்திருக்கேன். பார்த்துப் படிச்சா கோவிச்சுக்காதீங்க.

நீ செய்யிற துணி வேலையைப் பத்திச் சொல்லுன்னு கேட்டிருக்காங்க. துணி வேலைன்னா தையல் இல்லை. தையலும் செய்யிறேன், ஆனா அது இங்க பாதிப் பேருக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நான் சொல்லப் போறது கிட்டாருக்குத் துணி ஒட்டுற வேலை. அதைச் சொன்னா ஒரு கடன் விஷயத்தையும் சொல்லியாகணும். அதை மறைச்சிட்டு இதை மட்டும் பெருமையாப் பேசினா எங்க குழுக்காரங்க முகத்தை என்னால நிமிர்ந்து பார்க்க முடியாது. எங்க ஊக்குநர் அக்காகிட்ட முன்னாடியே கேட்டுட்டேன். "சொல்லு, நீதானே சொல்லணும்" அப்படின்னாங்க.

என் வீட்டுக்காரர் கொத்தனார் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே பையன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கிறான். அவனுக்குச் சின்ன வயசில் இருந்தே பாட்டுன்னா பைத்தியம். திருவிழாவுக்கு மெல்லிசைக் கச்சேரி வந்தா பாடுறவங்களைப் பார்க்க மாட்டான், ஓரத்தில் நின்னு கிட்டார் வாசிக்கிறவரோட விரலையே பார்த்துக்கிட்டு இருப்பான். வாங்கிக் குடுன்னு கேட்டப்ப அவங்கப்பா, "கிட்டார் அடிச்சா சோறு வருமா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். அவர் கேட்டதும் தப்பில்லை. அந்த வருஷம் ரெண்டு மாசம் வேலையே சரியா இல்லை.

பையன் என்ன பண்ணினான்னா, கச்சேரிக் குழுவில் ஒருத்தர்கிட்ட உடம்பு உடைஞ்ச ஒரு பழைய கிட்டார் இருக்குன்னு கேள்விப்பட்டு, அதோட கழுத்துக் கட்டையை மட்டும் 800 ரூபாய்க்குப் பேசிட்டு வந்துட்டான். மத்ததை நானே செஞ்சுக்கிறேன்னான். என் கொழுந்தனார் தச்சு வேலை. இடிச்ச வீடு ஒண்ணுல எடுத்த பலாப் பலகை அவர்கிட்ட கிடந்தது. பலாவில் வீணையே செய்யிறாங்க, கிட்டாருக்கு ஆகாதான்னு அவரும் உற்சாகமாக் கிளம்பிட்டார். ரெண்டு பலகையைச் சேர்த்து ஒட்டி, ஒண்ணே முக்கால் அங்குல கனத்துக்கு இழைச்சு, வடிவம் வெட்டிக் குடுத்துட்டார்.

இங்க ஒரு விஷயம் சொல்லிடுறேன், ஏன்னா என்கிட்ட எல்லாரும் முதல்ல கேட்கிறது இதைத்தான். துணி ஒட்டினா சத்தம் அமுங்கிடாதா? சாதாரண கிட்டாரா இருந்தா அமுங்கும். அதுக்கு வயித்துக்குள்ள வெற்றிடம் இருக்கு, மேல் பலகை அதிர்ந்துதான் சத்தம் வரும். அது மேல துணியும் பசையும் ஏத்தினா வாயைப் பொத்தின மாதிரி ஆயிடும். எலக்ட்ரிக் கிட்டாருக்கு வயிறு கிடையாது, கெட்டிப் பலகை. கம்பிக்கு அடியில பிக்கப்னு ஒண்ணு வைக்கிறாங்க. காந்தம், அதைச் சுத்தி முடியை விட மெல்லிசான செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுத்து. மேல இரும்புக் கம்பி அதிரும்போது அதுக்குள்ள துளியூண்டு கரண்ட் உண்டாகும். அது ஒயர் வழியாப் போய் ஆம்ப்ளிஃபயர்ல பெரிசாக் கேட்கும். அதனால பலகைக்கு மேல நீங்க பெயிண்ட் அடிச்சாலும் சரி, புடவை கட்டினாலும் சரி, அதுக்கு ஒண்ணும் பெரிசா வித்தியாசம் தெரியாது.

அந்தப் பிக்கப், கம்பியை முறுக்குற சாவி ஆறு, பிரிட்ஜ், ஒயர், சுவிட்ச், கம்பி செட்டு, கழுத்துக்குக் குடுத்த 800, எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் கணக்கு வந்தது. அவன் லீவு நாளில் வயரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்து வெச்சது 600 ரூபாய்.

அந்த மாசம் நான் குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். என்ன காரணம்னு தீர்மான நோட்டில் எழுதணும் இல்லையா? தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கன்னு சொன்னேன். பொய். கிட்டாருக்குன்னு சொன்னா யார் குடுப்பாங்கன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். கேட்டே பார்க்கலை. அதே கூட்டத்தில் எங்க குழுவில் இன்னொரு அக்காவும் கேட்டாங்க, மக பிரசவத்துக்கு வந்திருக்கா, கையில பணம் வேணும்னு. பெட்டியில ஒருத்தருக்குக் குடுக்கத்தான் இருந்தது. எனக்குத் தொழில் கடன், மெஷின் ஓடினா திருப்பிக் கட்டுவான்னு எனக்கு எழுதிட்டாங்க. அந்த அக்காவை அடுத்த மாசம்னு சொல்லிட்டாங்க. அவங்க ஒண்ணும் சொல்லலை. நானும் வாயைத் திறக்கலை.

சரி, துணிக்கு வர்றேன்.

பலகையில வடிவம் நல்லா வந்துடுச்சு, ஆனா பழைய மரம் பாருங்க, ஆணி அடிச்ச ஓட்டை ஏழெட்டு, ஓரத்தில ஒரு வெடிப்பு. பட்டி வெச்சு அடைச்சாலும் திட்டுத்திட்டாத் தெரிஞ்சது. கார் பெயிண்ட் அடிக்கிற இடத்தில கேட்டதுக்கு, கிட்டாருக்கு ஆன செலவில் பாதியைக் கேட்டாங்க. அப்போ பையன் போன்ல ஒரு படம் காட்டினான். 1968-ல அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி, சுவத்துல ஒட்டுற பூப்போட்ட பேப்பரை டெலிகாஸ்டர்னு ஒரு கிட்டாரில் ஒட்டி வித்திருக்காங்க. அதில இருந்த டிசைனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம மாங்காய்! புடவைக் கரையில, மருதாணியில எல்லாம் போடுறோமே, அதே மாங்காய். வெளிநாட்டில் அதுக்குப் பெய்ஸ்லின்னு பேராம். ஸ்காட்லாந்தில் அந்தப் பேர்ல இருக்கிற ஊர்ல காஷ்மீர் சால்வையைப் பார்த்து நெய்ஞ்சு வித்ததால அந்தப் பேர் ஒட்டிக்கிச்சாம். அவங்க பேப்பர் ஒட்டினா நாம துணி ஒட்டலாமேன்னு அப்பத்தான் தோணுச்சு.

எந்தத் துணி? பீரோவில் எங்க அம்மாவோட சுங்குடிப் புடவை இருந்தது. அரக்குக் கலர், வெள்ளைப் புள்ளி. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி சுங்குடிக்கு முடிச்சுப் போடுற வேலை பார்த்தவங்க. துணியை நகத்தால கிள்ளி, நூலைச் சுத்தி, இழுத்து ஒரு முடிச்சு. அப்படி ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில். சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தா அந்த இடம் மட்டும் வெள்ளையா, நடுவில ஒரு பொட்டோட நிக்கும். இந்தப் புடவை அவங்களே முடிச்சுப் போட்டது. அம்மா இறந்து ஆறு வருஷமாச்சு. நான் அதைக் கட்டுறதும் இல்லை, குடுக்கிறதும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயில் காட்டி, நாப்தலின் உருண்டை போட்டு வெச்சிடுவேன்.

கத்தரிக்கோலை எடுத்து மூணு தடவை திரும்ப வெச்சேன். அப்புறம் வெட்டிட்டேன். வெட்டினதுதான் வெட்டினேன், அவசரத்தில் முந்தியில் வெட்டினேன். அதுதான் அந்தப் புடவையிலேயே நெருக்கமாப் புள்ளி போட்ட இடம். ஃபெவிகாலைத் தாராளமா ஊத்தித் தடவி, துணியைப் போட்டு அமுக்கினேன். மறுநாள் காலையில பார்த்தா சாயம் இறங்கி வெள்ளைப் புள்ளி எல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. நடுவில அப்பளம் மாதிரி காத்துக் கொப்புளம். வளைவுல சுருக்கம். அதைப் பிய்ச்சு எடுக்கும்போது நான் அழுத அழுகை, பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. என் பையன் வேண்டாம்மா, கறுப்புப் பெயிண்ட் அடிச்சுக்கிறேன்னான். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இருபது வருஷமா ஜாக்கெட் தைக்கிறவ ஒரு பலகைக்குத் துணி போட முடியாதான்னு.

அடுத்து ஒரு வாரம் துண்டுப் பலகையிலயும் பழைய ஜாக்கெட் பிட்டுலயும் செஞ்சு செஞ்சு பார்த்தேன். அதில் தெரிஞ்சுக்கிட்டதை அப்படியே சொல்றேன், யாருக்காவது உதவும். கிட்டாருக்குத்தான்னு இல்லை, முக்காலி, தட்டு, நகைப்பெட்டி எதுக்கும் இதே முறைதான்.

துணியை முதல்ல கஞ்சி போகத் துவைக்கணும். உப்புத் தண்ணியில் ஊற வெச்சு அலசணும். அப்புறம் வெள்ளைத் துணியை நனைச்சு அது மேல தேய்ச்சுப் பாருங்க. வெள்ளையில கலர் ஏறுச்சுன்னா இன்னும் அலசணும். அது நிக்கிற வரைக்கும் பசை பக்கமே போகக்கூடாது. காஞ்சதும் இஸ்திரி போட்டு, நேர் நூல் பார்த்து வைக்கணும். நூல் ஓட்டம் சாஞ்சிருந்தா இழுக்கிற இழுப்புக்குப் புள்ளி வரிசையெல்லாம் கோணிக்கிட்டுப் போயிடும்.

மரத்தை 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220 போட்டு வழவழன்னு தேய்ச்சு, வெள்ளை ப்ரைமர் அடிக்கணும். வெள்ளை எதுக்குன்னா, பருத்தித் துணி பசையும் வார்னிஷும் குடிச்சா கண்ணாடி மாதிரி ஆகி அடியில இருக்கிறது தெரியும். அடியில பலா மஞ்சள் இருந்தா புள்ளி மஞ்சளாத்தான் தெரியும்.

ஃபெவிகால் மூணு பங்கு, தண்ணி ஒரு பங்கு. பிரஷ்ல மெல்லிசா மரத்தில் தடவி, துணியை நடுவில வெச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு நீவிக்கிட்டே போகணும். நான் காலாவதியான ஏடிஎம் கார்டு வெச்சு நீவுறேன். அதைவிட நல்ல சாமான் கடையில கிடைக்காது. ஓரத்தில் ரெண்டு விரல் துணி மிச்சம் விட்டு, ஒரு நாள் முழுசா காய விடணும்.

மிச்சம் விட்டதை எப்படி முடிக்கிறதுங்கிறதுல எனக்கு நம்ம தையல் கைகுடுத்தது. கிட்டாருக்கு ரெண்டு கொம்பு இருக்கும், அதுக்கு உள்பக்கம் நல்ல வளைவு. ஜாக்கெட் கைக்குழி மாதிரி. துணியை அப்படியே பக்கத்துக்கு மடிச்சா சுருக்கம் விழாம இருக்காது, கட் குடுத்தா அது வெளியில தெரியும். அதனால மடிக்கிற யோசனையையே விட்டுட்டேன். முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. ஓரத்தில் நீர்த்த ஃபெவிகாலை ஒரு கை தடவி, காஞ்ச பிறகு புது பிளேடு வெச்சு விளிம்போட அறுத்தேன். பசை குடிச்ச துணி நூல் பிரியாது. சுத்திப் பக்கவாட்டுக்குப் புடவையோட கரையையே நாடா மாதிரி வெட்டி ஒட்டிட்டேன். கிட்டாரைச் சுத்தி நாலரை அடிக்குள்ளதான் வரும், புடவைக் கரை அஞ்சரை மீட்டர் இருக்கே. சேர்ப்பு ஒரே இடத்தில், அதுவும் அடியில, பெல்ட் மாட்டுற திருகுக்குக் கீழ மறைஞ்சுடுச்சு.

பிக்கப் உட்கார்ற குழி இருக்கும். அது மேல துணியை மூடி ஒட்டிட்டு, காஞ்சதும் குறுக்கும் நெடுக்குமா வெட்டி உள்பக்கம் மடிச்சு ஒட்டணும், பேண்ட்டுக்கு உள் பாக்கெட் திறக்கிற மாதிரி. ஆனா கழுத்துக்கட்டை வந்து உட்கார்ற குழியில மட்டும் ஒரு நூல் துணி இருக்கக்கூடாது. அங்க துணி கனம் ஏறினா கழுத்து சாஞ்சு, கம்பி உயரம் மாறி, வாசிக்கவே முடியாதுன்னு பையன் பத்து தடவை சொன்னான். அதைச் சுத்தமாச் சுரண்டி விட்டேன்.

அப்புறம் துணி மேல நீர்த்த ஃபெவிகால் ரெண்டு கை. வெள்ளையாத் தெரியும், பயப்படாதீங்க, காஞ்சா மறைஞ்சிடும். இதை விட்டுட்டு நேரா வார்னிஷ் போட்டா ஒரு இடம் குடிக்கும், ஒரு இடம் குடிக்காது, எண்ணெய் பட்ட மாதிரி திட்டு விழும். அதுக்கு மேல மரத்துக்கு அடிக்கிற பி.யூ. கிளியர், மெல்லிசு மெல்லிசா பத்து கை. முதல் ரெண்டு கை போட்டதும் பஞ்சுப் பிசிறு முள்ளு முள்ளா எழுந்து நிக்கும். கை பரபரக்கும், உடனே தேய்க்கத் தோணும். தேய்க்காதீங்க. நாலஞ்சு கை ஏறின பிறகு லேசாத் தேய்ச்சாப் போதும். முன்னாடியே தேய்ச்சா உப்புத்தாள் துணியைப் பிடிச்சு, கலர் வெளுத்துப் போகும். கடைசியில ஒரு வாரம் சும்மா விட்டு, தண்ணி தொட்டு 600, 1000, 2000 தாள் போட்டு, கார் பாலிஷ் வெச்சுத் தேய்ச்சா முகம் தெரியும். மேல கண்ணாடி, உள்ள புடவை. அம்மா நகத்தால கிள்ளின சுருக்கம் கூட உள்ள தெரியுது.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வார்னிஷ் வேலை அடுப்பு பக்கத்தில் வேண்டவே வேண்டாம். டக்குன்னு தீப்பிடிக்கும். வாசல்ல, காத்தோட்டத்தில், முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கிட்டுச் செய்யுங்க. மழைநாளில் செய்யாதீங்க, சரியாக் காயாது. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டில் தூங்கின பிறகு கூட மூடி திறக்காதீங்க.

பையன் எல்லாத்தையும் மாட்டி, ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியில சொருகி வாசிச்ச அன்னைக்கு அவங்கப்பா வேலை முடிஞ்சு வந்து வாசல்லயே நின்னார். சிமெண்ட் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து கிட்டாரைத் தடவிப் பார்த்தார். "இது அத்தை புடவை இல்ல?" அப்படின்னார். வேற ஒண்ணும் சொல்லலை. ஆணி அடிச்சு மாட்டுறதுக்கு இடம் மட்டும் அவரே பண்ணிக் குடுத்தார்.

அந்த இடத்தில் மாட்டியிருக்கும்போதுதான் குழுவில் இருந்து வந்தாங்க. கடன் வாங்கினவங்க வீட்டுக்குப் போய்ப் பொருள் வாங்கியாச்சான்னு பார்க்கிறது எங்க குழுவில் வழக்கம். ஊக்குநர் அக்காவும் கணக்கு எழுதுற தங்கச்சியும். மோட்டார் எங்கன்னு கேட்டாங்க. மெஷின் கால்ல மிதிக்கிற மெஷினாவே நிக்குது. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. சுவத்தைக் காட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் எழுந்து சொன்னேன். திட்டினாங்க. திட்டினது கூடப் பரவாயில்லை. பிரசவக் கடன் கேட்ட அக்கா திட்டவே இல்லை. "நான் என் மக தோட்டை அடகு வெச்சேன்"னு மட்டும் சொல்லிட்டுத் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. என் பையனுக்குப் பாட்டு முக்கியம்னு நான் நினைச்சப்ப, அந்தப் பொண்ணு வலியில படுத்திருந்திருக்கா. கேட்டிருந்தா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி குடுத்திருப்பாங்க. அன்னைக்கு எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. கேட்டிருந்தா யோசிச்சிருப்போமே, பையன் படிப்பு சம்பந்தப்பட்டதுதானேன்னு ரெண்டு மூணு பேர் சொன்னதும் எனக்கு இன்னும் வெட்கமாப் போச்சு.

தீர்மான நோட்டில் பழைய காரணத்தை அடிச்சு, "மகனுக்குக் கிட்டார் செய்ய" அப்படின்னு சிவப்பு மையில் எழுதினாங்க. பத்து மாசத்தில் கட்ட வேண்டியதை ஆறு மாசத்தில் கட்டணும், அடுத்து ஒரு வருஷம் கடன் கேட்கக் கூடாதுன்னு தீர்மானம். கையெழுத்துப் போட்டேன்.

கட்டினதும் இந்தத் துணி வேலையிலதான். கழுத்துக்கட்டை குடுத்தவர் எங்க கிட்டாரைப் பார்த்துட்டு, தன்னோடதுக்கும் ஒண்ணு போட்டுத் தரச் சொன்னார். அவருக்கு மாங்காய் போட்ட துணியில போட்டேன். துணி, வார்னிஷ் செலவு போக 1,800 ரூபாய் கூலி குடுத்தார். அவர் சொல்லி இன்னும் ரெண்டு வந்தது. பையனும் திருவிழா சமயத்தில் அவங்களோட ரெண்டு கச்சேரியில் வாசிச்சான், ராத்திரிக்கு 500. அஞ்சாவது மாசத்திலயே அசலும் வட்டியும் முடிச்சேன். இது பெரிய தொழிலான்னு கேட்டா இல்லை. வருஷத்துக்கு நாலு வந்தா அதிகம். ஒரு கிட்டாருக்கு மூணு வாரம் போகுது. தையல்தான் எனக்குச் சோறு போடுது. ஒளிக்காமச் சொல்றேன், கிட்டார்னு சொல்லி யாரும் கடன் வாங்கிடாதீங்க. ஆனா இதே முறையில தட்டும் நகைப்பெட்டியும் செஞ்சு பார்த்தேன், அது சீமந்தம், கல்யாணச் சீருக்கு நல்லாப் போகுது. எங்க குழுவில் இப்ப மூணு பேர் சேர்ந்து செய்யிறோம்.

அந்த அக்காவுக்குத் தோட்டு அடகு வட்டி ரெண்டு மாசத்துக்கு எவ்வளவுன்னு விசாரிச்சு, அதைக் கொண்டுபோய்க் குடுத்தேன். முதல்ல வேண்டாம்னாங்க. ரெண்டாந்தடவை போனப்ப வாங்கிக்கிட்டாங்க. சிரிக்கலை. போன பொங்கலுக்கு அவங்க பேத்திக்குப் பாவாடை தைக்க என்கிட்டத்தான் துணி குடுத்து விட்டாங்க. கூலி வாங்கிக்கோன்னு சொல்லிக் காசும் சேர்த்து அனுப்பிட்டாங்க. இன்னைக்கு மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. இதைப் பேசலாமான்னு நேத்து வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பேர் சொல்லாம சொல்லுன்னாங்க.

புடவையில இன்னும் மூணு மீட்டருக்கு மேல இருக்கு. அதில யாருக்கும் ஒட்டித் தர்றதில்லை.

டீ குடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பையன் கிட்டாரோட நிக்கிறான். காலேஜுக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கான். தொட்டுப் பாருங்க, வாசிச்சும் காட்டுவான். பலகையில ஒரு இடத்தில், வலது கொம்புக்குக் கீழ, துணி லேசா வெளுத்திருக்கும். அது நான் அவசரப்பட்டுத் தேய்ச்சது. மோதிரம் போட்டவங்க மட்டும் கொஞ்சம் பார்த்துத் தொடுங்க.